ஆரத்தித் தண்ணீர்

ரேஷன் கடை மிஷினில் மாமா கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், அதுவும் இல்லை. பத்து விரலையும் வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் பையை மடித்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"அப்பு, எனக்கு ரேகையே இல்லைங்குது அந்த மிஷினு. ஒரு லெட்டர் எழுதிக் குடு."

மாமா என்றால் சொந்தம் கிடையாது. அப்பா காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறை போட்ட நாளிலிருந்து எங்களோடு இருப்பவர். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவர். அவரை வேலை வாங்குகிற முதலாளியாக நான் ஆனது இருவருக்குமே கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். லெட்டர் இருக்கட்டும், கையைக் காட்டுங்கள் என்றேன். விரல் நுனிகள் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. விரலிடுக்கில் வெடிப்பு. மணிக்கட்டுக்கு மேலே தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்து, சொறிந்த தடமாகக் கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நேத்தா வந்துச்சு? சிமெண்டுக் கை இப்படித்தான் இருக்கும். உங்க அப்பா கையும் இப்படித்தானே இருந்துச்சு."

இருந்தது. அப்பா கடைசிப் பத்து வருடம் ரசம் சாதத்தைக் கரண்டியால்தான் சாப்பிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் கல் பார்க்க வந்து போவதால் அவருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் கேலி செய்வோம். ரசத்தின் புளிப்பு கை வெடிப்பில் பட்டு எரிந்திருக்கிறது என்பது, மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வெள்ளை சிமெண்டில் கரைத்த கலரைக் கட்டம் கட்டமாக ஊற்றுவோம். அச்சைத் தூக்கிவிட்டு, ஈரத்தை இழுக்க உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவுவோம். அதன்மேல் சாம்பல் சிமெண்ட் சாந்தை அள்ளிப் போட்டு, அழுத்தி, கரண்டியால் மட்டம் பார்த்துச் சட்டத்தைக் கழற்றுவோம். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். சில நாள் ஊறி, வெளியே காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் பளபளவென்று பூ சிரிக்கும். மிஷின் கிடையாது. கரண்டுகூட விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான். கையை இழுத்துப் போகும் பட்டா இல்லை, கொதிக்கும் எண்ணெய் இல்லை. காரைக்குடியில் முறுக்கும் மணகோலமும் போடுகிற அடுப்பங்கரையில் இருக்கிற ஆபத்துகூட எங்கள் கொட்டகையில் இல்லை என்று நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மாமாவைக் காரைக்குடியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இதில் இரண்டு விவகாரம் இருக்கிறது என்றார். ஒன்று, சிமெண்டின் காரம் தின்ற கை. மற்றது, ஒவ்வாமையாக இருக்கலாம், மதுரைக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சாதாரணமாகத்தான் கேட்டார்: "வேலை முடிஞ்சதும் எந்தத் தண்ணியில கை கழுவுறாங்க?"

எந்தத் தண்ணீரில்? தொட்டித் தண்ணீரில்தான். கல் ஊறுகிற தொட்டி கொட்டகை நடுவில் இருக்கிறது. இடுப்பளவு உயரம், எப்போதும் நிறைந்திருக்கும். அதில் கையை முக்கி அலசிவிட்டு டீ கிளாஸை எடுப்பது என் தாத்தா வயதுள்ள பழக்கம். நானும் அதில்தான் கழுவுவேன். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகும். சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் வெளியே வருவதும் அதே சுண்ணாம்புதான். அமிலம், காரம் அளக்கும் pH கணக்கில் 7 என்பது நடு. நம் தோல் ஐந்தரைக்கு அருகில், லேசான புளிப்புப் பக்கம் இருக்கிறது. ஈரச் சாந்து 12, 13 என்று நிற்கும். இந்த அளவில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு. கல் ஊறும் தொட்டியில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு கல்லும் தன் சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதாவது, பட்டறையில் எல்லோரும் நாள் முழுக்கச் சுண்ணாம்பில் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

இதை எட்டுப் பேரிடம் எப்படிச் சொல்வது? pH என்று ஆரம்பித்தால் மாமா எழுந்து போய்விடுவார். இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் வீட்டில் மருமகளுக்கு ஆரத்தி கரைத்ததைப் பார்த்தபோது வழி கிடைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ரசாயனம்.

மறுநாள் டீ நேரத்தில் இரண்டு எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். ஒன்றில் போர்த் தண்ணீர், இன்னொன்றில் தொட்டித் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு மஞ்சள்தூள். போர்த் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. தொட்டித் தண்ணீர் கண்முன்னே ரத்தச் சிவப்பானது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கலர் ஊற்றுகிற அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்: "அடியாத்தி, ஆரத்தித் தண்ணியிலயா இத்தனை நாளும் மூஞ்சி கழுவினோம்?"

அந்த வாரமே 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றைக் கொட்டகைக்கு வெளியே உயரத்தில் ஏற்றி, இரண்டு குழாய் வைத்து, மென்மையான சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கி வைத்தேன். முதலில் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், அதன்பிறகுதான் எண்ணெய். வேலைக்கு முன்னால் எண்ணெயைப் பூசிக்கொண்டால் சிமெண்ட் தின்னாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பிச் சாந்தில் கையை விடாதீர்கள் என்று மருத்துவர் தனியாகச் சொல்லியிருந்தார்.

மதுரையில் மாமாவுக்கு ஒட்டுச் சோதனை செய்தார்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக மருந்தை ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து பிரித்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் டைகுரோமேட் இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அது குரோமியம் என்ற உலோகம் சேர்ந்த உப்பு. ஆக, மாமாவுக்குக் குரோமியம் ஒவ்வாமை. வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, துளி பட்டாலும் கிளம்பும் என்றார்கள்.

சேதி தெரிந்ததும் பட்டறையில் எல்லோரும் பச்சைக் கலர் மேல் பழியைப் போட்டார்கள். பச்சைக்கு நாங்கள் போடுவது குரோமியம் ஆக்சைடு, டப்பாவிலேயே எழுதியிருக்கும். ஆனால் அது தண்ணீரில் கரையாத வகை, தோலுக்குள் இறங்குவதில்லை. கெடுதல் செய்வது சாதாரணச் சாம்பல் சிமெண்டுக்குள் இருக்கிறது. சூளையில் சிமெண்டைச் சுடும்போது மூலப்பொருளில் துளித்துளியாக இருக்கும் குரோமியம் கரையக்கூடிய வகையாக மாறிவிடுகிறது. வெள்ளை சிமெண்டில் இது மிகக் குறைவு. முப்பது வருடம் பச்சையும் சிவப்பும் ஊற்றிய அக்காவின் கையில் வெடிப்பு மட்டும் இருக்க, பின்பக்கச் சாந்து அள்ளிய மாமாவுக்கு ஒவ்வாமை வந்த கதை இதுதான். ஐரோப்பாவில் சிமெண்ட் ஆலையிலேயே இரும்பு சல்பேட்டைக் கலந்து இந்தக் குரோமியத்தை அடக்கிவிடுகிறார்கள். பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2005 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம். என் கொட்டகையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அப்படி ஒரு வரி எதிலும் இல்லை.

சரி, கிளவுஸ் வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். நைட்ரைல் கிளவுஸ், உள்ளே பருத்தி வைத்தது, ஆளுக்கு இரண்டு ஜோடி. முதல் நாள் எல்லோரும் போட்டார்கள். இரண்டாம் நாள் நான்கு பேர். வாரக் கடைசியில் எல்லாம் ஆணியில் தொங்கின. எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் நன்மைக்குச் செய்தால் இவர்களுக்கே அக்கறை இல்லையே என்று வீட்டில் புலம்பினேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் வாயில் தானாக வரும் போலிருக்கிறது.

மாமாதான் ஒரு சனிக்கிழமை கூலி வாங்கும்போது சொன்னார். "அப்பு, கிளவுஸ் போட்டா எனக்கு நாளுக்குப் பதினஞ்சு கல்லு குறையுது. நீ கல்லுக்குத்தானே காசு குடுக்குற?"

அவ்வளவுதான். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கல் கணக்கு. எத்தனை கல்லோ அத்தனை காசு. கிளவுஸ் போட்டால் வேகம் குறையும். வேர்வையில் கழற்றி மாட்ட வேண்டும். கை கழுவப் போனால் ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு முறை கழுவினால் இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தின் விலையை நான் அவர்கள் பையிலிருந்து எடுத்துக்கொண்டே, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று பேசியிருக்கிறேன். அவசரத்தில் கழுவாமல் மாட்டியதால் சிலருக்குக் கிளவுஸுக்குள்ளேயே சாந்து புகுந்திருந்தது. அது வெறுங்கையைவிட மோசம். பொட்டலம் கட்டிய மாதிரி தோலோடு ஒட்டிக் கிடந்து நாள் முழுக்க வேகவைக்கும். முதலில் எரியவும் எரியாது. சாயங்காலம் வீட்டில்தான் தெரியும்.

கணக்கை மாற்றினேன். நாள்கூலி நிலையாக ஒன்று. கல் எண்ணிக்கைக்குச் சிறிய ஊக்கத்தொகை, அதுவும் ஓர் அளவுக்கு மேல் கிடையாது. அந்த அளவைத் தாண்டி ஓடிப் பயனில்லை என்பதுதான் அதன் நோக்கம். பத்தரை, ஒன்று, நான்கு, ஐந்தரை. இந்த நான்கு நேரமும் பாண்டுச் சட்டியைக் கரண்டியால் தட்டினால் எல்லோரும் குழாய்க்குப் போக வேண்டும், அந்த நேரம் கூலியில் சேர்த்தி. முதல் மாதம் உற்பத்தி படுத்துவிட்டது. மனைவி கணக்கு நோட்டை என் முன்னால் தள்ளிவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். மூன்றாம் மாதம் ஓரளவு எழுந்தது. உடைசல் குறைந்ததும், கண்ணாடி பிரிக்கும்போது பூ சிதைந்து ஒதுக்குகிற கல் குறைந்ததும் ஒரு காரணம். பழைய எண்ணிக்கைக்கு அது இன்னும் வரவில்லை. கல்லுக்கு 3 ரூபாய் ஏற்றினேன். ஏன் ஏற்றினாய் என்று கேட்ட ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் ஆரத்தித் தண்ணீர்க் கதையை முழுதாகச் சொன்னேன். ரொம்ப நல்ல விஷயம் சார் என்று பாராட்டிவிட்டு, அடுத்த பட்டறையில் ஆர்டர் கொடுத்தார்.

தூசி விஷயத்தில் எனக்கு வேலையே வைக்கவில்லை அக்கா. மணல் சலிக்கும்போதும், உலர்கலவை தூவும்போதும், சாயங்காலம் கொட்டகை பெருக்கும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கோடு நின்றுவிடும். தெரியாதது, 5 மைக்ரானுக்கும் குறைந்த மணல்தூசி, நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ். அதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அக்கா குறுக்கே கேட்டார்: "வீட்டுல வாசத் தெளிக்காம யாராச்சும் பெருக்குவாகளா? இங்க மட்டும் ஏன் பெருக்குறோம்?" அன்றிலிருந்து தண்ணீர் தெளிக்காமல் துடைப்பத்தை எடுப்பதில்லை. சலிப்பது வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி. சலிக்கிறவருக்கு மட்டும் என்95 மாஸ்க்.

அதே அக்கா ஒரு சித்திரை மத்தியானத்தில் கலர்க் கிண்ணத்தோடு மயங்கிச் சரிந்தார். தகரக் கொட்டகை, வெளியே வெயில் கொளுத்துகிறது. முகத்தில் தண்ணீர் அடித்து, நிழலில் படுக்க வைத்து, காலையிலிருந்து தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பானை இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை? தயங்கிவிட்டுச் சொன்னார், "குடிச்சா எங்க போறது?"

ஆண்கள் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குவோம். பட்டறையில் மூன்று பெண்கள் பல வருடமாக வேலை செய்கிறார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தாங்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கிளவுஸ், மாஸ்க் எல்லாம் வாங்கி பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆள் நான். கழிப்பறை கட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனது. நான் பட்டறைக்குச் செய்த செலவுகளில் யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாதது அது ஒன்றுதான். பானைத் தண்ணீர் இப்போது மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது.

மற்றவை சின்னச் சின்னவை. கண்ணாடிச் சில்லு வந்து இறங்கியதும் விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பது. கண்ணில் சிமெண்ட் தெறித்தால் கசக்காமல் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுவது. ஒருமுறை இளைஞன் ஒருவனுக்குத் தெறித்தபோது விளக்கெண்ணெய் விடு என்றார் ஒருவர், தாய்ப்பால் விடு என்றார் இன்னொருவர். நல்லவேளை, குழாய் பக்கத்தில் இருந்தது. மூட்டை தூக்குவது மட்டும் இன்னும் தீரவில்லை. இங்கிலாந்தில் சிமெண்ட் 25 கிலோ மூட்டையில் வருகிறது. நமக்கு 50. இருவர் சேர்ந்து தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் இருவர் தூக்குகிறார்கள்.

இதையெல்லாம் கேட்க அரசாங்க அதிகாரி வரமாட்டாரா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சார இயந்திரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 20, 40 என்று ஏறிவிட்டது. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயமாவதற்கும் 10 பேர் வேண்டும். நாங்கள் எட்டுப் பேர். எந்த வலையிலும் சிக்காத சின்ன மீன். எல்லோருக்கும் வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீடு போட்டுக் கொடுத்தேன். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். மலிவு, போட்டு வைப்பது நல்லது. ஆனால் முப்பது வருடமாகத் தேய்ந்த கைரேகை எந்தத் தேதியில் நடந்த விபத்து என்று அதில் எழுத முடியாது.

மாமா சாந்துப் பக்கம் இப்போது வருவதில்லை. காய்ந்த கல்லில் கண்ணாடி பிரிப்பது, தரம் பார்ப்பது, வைக்கோல் வைத்து அடுக்குவது மட்டும். அதுவும் கிளவுஸோடு. கூலியைக் குறைக்கவில்லை. முதலில் இது தனக்கு அவமானம் என்று இரண்டு வாரம் வராமல் இருந்தார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்தேன். ரேஷன் கடையில் இப்போது கண்ணைக் காட்டிப் பொருள் வாங்குகிறார்.

போன ஐப்பசியில் ஆர்டர் குவிந்தது. மார்கழியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், தை பிறந்ததும் கிரகப்பிரவேசம் வைத்திருப்பார்கள், அதற்குள் தரை போட்டாக வேண்டும். மழைக்காலத்தில் கல் காயவும் காயாது. கார்த்திகை முதல் வாரம் நான்கு பேர் சேர்ந்து வந்து நின்றார்கள். "அண்ணே, ரெண்டு வாரத்துக்கு மட்டும் பழைய கல் கணக்குக்கே போயிருவோமே. எங்களுக்கும் நாலு காசு, உங்களுக்கும் ஆர்டர் முடியும்." மாமா தூரத்தில் வைக்கோல் மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆர்டர் நோட்டைப் பார்த்தாள். சரி என்றேன்.

கல் வேகமாக வந்தது. பாண்டுச் சட்டியைத் தட்டியபோது யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு தட்டுவதையும் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் விளக்கை அணைக்கப் போனபோது பார்த்தேன். கிளவுஸ் ஏழு ஜோடியும் ஆணியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். தொட்டி விளிம்பில் யாரோ கை கழுவிய சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

உள்ளே போய் மனைவியிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, முடிக்க முடியாத ஆர்டர் யார் யாருடையது என்று பார்த்து, ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தேன்.